மன்னாரில் முதலிட வரும் உறவுகளுக்கு: வதிவிட விசாவும் மாறிக்கொண்டே இருக்கும் குடியுரிமைச் சட்டங்களும்

என் சித்தப்பாவின் மகன் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் பேசாலையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. மண்டபம் முகாமில் சில காலம் இருந்துவிட்டு ஜேர்மனிக்குப் போனான். 2003இல் ஜேர்மன் குடியுரிமை எடுத்தான். போர் முடிந்த பிறகு, 2012இல், சேமித்த பணத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தான். பேசாலையில் மீனுக்கு ஐஸ் போடும் சிறிய தொழிற்சாலை ஒன்று கட்ட வேண்டும் என்பது அவனது எண்ணம். வதிவிட விசா கிடைத்தது. ஆனால் காணியைத் தன் பெயரில் வாங்கப் போனபோது, காணியின் பெறுமதி எவ்வளவோ அதே அளவு பணத்தை வரியாகவும் கட்ட வேண்டும் என்றார்கள். அவன் சட்டப்படி வெளிநாட்டவன்.

அப்போது ஊரில் எல்லோரும் செய்த காரியத்தையே அவனும் செய்தான். மச்சானின் பெயரில் உறுதி எழுதினான். பணம் இவனுடையது, பெயர் மச்சானுடையது. 2019இல் மச்சான் மாரடைப்பால் இறந்துபோனார். காணி அவரது பிள்ளைகளுக்குப் போனது. இன்று என் தம்பி, தானே காசு கொடுத்து வாங்கிய காணிக்கு, மச்சானின் பிள்ளைகளுக்கு மாத வாடகை கொடுக்கிறான். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சட்டம் கேட்கும் தாள் அவர்களிடம்தான் இருக்கிறது.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் மன்னார் நகரில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். என் தம்பியின் கதையைப் போன்ற கதைகள் கிழமைக்கு ஒன்றாவது வரும். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, வங்காலை, விடத்தல்தீவு என்று ஊர்கள் மாறும், கதை மாறாது. வந்தவர்களில் பலர் வதிவிட விசாவுக்கும் குடியுரிமைக்கும் உள்ள வேறுபாட்டைப் பணத்தைப் போட்ட பிறகுதான் அறிந்தார்கள். பணத்தைப் போடுவதற்கு முன்னரே அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விசா அனுமதி, குடியுரிமை உரிமை

வதிவிட விசா என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக நாட்டில் தங்கியிருக்க அரசு தரும் அனுமதி. அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விடவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. விசா எத்தனை ஆண்டுகள் நீடித்தாலும் அது குடியுரிமையாக மாறுவதில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம்மவர், இத்தனை ஆண்டு வதிந்தால் குடியுரிமை கிடைக்கும் என்ற முறைக்குப் பழகியவர்கள். இலங்கைச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை. பணம் முதலிட்டால் குடியுரிமை என்ற வழியும் இல்லை.

இலங்கையின் குடியுரிமைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். அது வம்சாவளியால் வரும் குடியுரிமை, பதிவால் வரும் குடியுரிமை என்று இரண்டு வகையை வைத்தது. பதிவு வழி பெரும்பாலும் குடிமக்களை மணந்தவர்களுக்கானது. பொதுச் சேவையிலோ வணிகம், கைத்தொழில், விவசாயம் போன்ற துறைகளிலோ சிறந்து விளங்கும் பிறநாட்டவரையும் அமைச்சர் பதிவு செய்யலாம் என்று அன்றைய சட்டம் சொன்னது. ஆனால் அவர்களுக்கு ஆண்டுக்கு 25 பேர் என்ற வரம்பையும் வைத்தது. வெளியிலிருந்து வரும் வணிகர்களுக்குச் சட்டம் திறந்துவைத்த கதவின் அகலம் அவ்வளவுதான்.

இதே கரையில் நடந்த பழைய கதை

வதிவிட அனுமதியை நம்பித் தொழில் செய்தவர்கள், சட்டம் மாறியதும் தவித்த கதை மன்னார்க் கரைக்குப் புதிதல்ல. 1914 முதல் தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடியது. செட்டிநாட்டு நகரத்தார், தமிழ்நாட்டு முஸ்லிம் வணிகர்கள், கடைச் சிப்பந்திகள், தோட்டத் தொழிலாளர்கள் என எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்து போனார்கள். சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே போவது வேறு நாட்டுக்குப் போவது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. வங்கிகள் கடன் தர மறுத்த சிறு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். இன்றைய சொல்லில் சொன்னால், அவர்கள் வெளிநாட்டு முதலீட்டாளர்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நேற்றுவரை சாதாரணமாக வந்து போன வணிகர் அன்றிலிருந்து தற்காலிக வதிவிட அனுமதியோடு தங்கியிருக்கும் பிறநாட்டவர் ஆனார். கடையும் கொடுக்கல் வாங்கலும் முன்போலவே இருந்தன. இருப்பதற்கான உரிமை மட்டும் அனுமதியாக மாறியது. 1950களில் வேலையும் வணிகமும் இலங்கையருக்கே என்ற கொள்கை வலுத்தபோது, அந்த அனுமதிகளைப் புதுப்பிப்பதும் கடினமாயிற்று. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பணம் அனுப்புவதையும் இறுக்கியது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாறினால் பெறுமதியில் 100 வீதம் வரி என்றது. பலர் கடைகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு, வந்த வழியே தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

பணம் உள்ளவருக்கே இந்த நிலை என்றால் உழைப்பை மட்டும் முதலாகப் போட்டவர்களின் நிலை இன்னும் மோசமானது. மலையகத் தமிழர் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார்கள். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவர்களை ஏற்றிய ரயிலும் தலைமன்னாருக்கே வந்தது.

என் அப்பப்பா தலைமன்னார் இறங்குதுறையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். அழுதுகொண்டே கப்பலேறியவர்களைப் பற்றி அவர் சொல்லும்போது, நான் சிறுவனாக, அது யாரோ வேறு ஆட்களுக்கு நடந்த கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 1990இல் நாங்களே கடல் கடந்தோம். கடல் கடந்தவர்களில் பலர் இன்று அந்த வணிகர்களின் இடத்தில் நிற்கிறார்கள்.

எம்மவர் வெளிநாட்டவர் ஆவது எப்படி?

வம்சாவளியால் இலங்கைக் குடியுரிமை பெற்ற ஒருவர், தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால், அவரது இலங்கைக் குடியுரிமை அன்றே நின்றுவிடும். கடிதம் எதுவும் வராது. பழைய அடையாள அட்டை கையில் இருக்கும், பிறப்புச் சான்றிதழ் இருக்கும், கிராம சேவையாளருக்கு முகம் தெரியும். ஆனாலும் சட்டப்படி அவர் வெளிநாட்டவர். பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அது பிறகு பெரும் சிக்கலைக் கொண்டுவரும்.

இழந்த குடியுரிமையைத் திரும்பப் பெறவோ, இழக்கும் முன்னர் தக்கவைக்கவோ 1987ஆம் ஆண்டின் திருத்தம் வழி செய்தது. இதைத்தான் இரட்டைக் குடியுரிமை என்கிறோம். அது தானாகக் கிடைப்பதில்லை. அந்த நபருக்கு அதை வழங்குவது இலங்கைக்குப் பயனுள்ளது என்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம்.

அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கவும் இல்லை. 2011இல் அன்றைய அரசு இரட்டைக் குடியுரிமை வழங்குவதை நிறுத்தியது. ஆட்சி மாறிய பிறகு 2015இல்தான் மீண்டும் தொடங்கியது. என் தம்பி வந்த 2012ஆம் ஆண்டு, கதவு மூடியிருந்த காலம்.

இரட்டைக் குடியுரிமையின் உள்ளடக்கமும் மாறிக்கொண்டே இருந்தது. 2015இல் 19ஆவது திருத்தம், இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆக முடியாது என்றது. அதன்படி 2017இல் ஒரு உறுப்பினர் நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தார். 2020இல் 20ஆவது திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பவும் கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளில் ஒரே விடயத்தில் மூன்று முறை சட்டம் திரும்பியது. ஐஸ் தொழிற்சாலை போட வருபவருக்குத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்காது. ஆனாலும் குடியுரிமை தொடர்பான விதி அரசியல் காற்றுக்கு ஏற்ப எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அவர் கவனிக்க வேண்டும்.

காணி

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 100 வீத வரியை நீக்கிவிட்டு நேரடித் தடையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுக் கம்பனிக்கும், பங்குகளில் 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள உள்நாட்டுக் கம்பனிக்கும் காணியின் உரித்து மாற முடியாது. சட்டம் 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும்படி பின்னோக்கி எழுதப்பட்டது. அதாவது, சட்டம் பிறப்பதற்கு முன்னர் எழுதிய உறுதியையும் அது தொட்டது.

வெளிநாட்டவர் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். வதிவிட விசா வைத்திருப்பதால் இந்தத் தடையிலிருந்து எந்த விலக்கும் கிடைக்காது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. என் தம்பியின் விடயத்தில் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டில்தான் தங்கியிருந்தது.

எம்மவர் பலருக்குத் தெரியாத இன்னொரு விலக்கும் உண்டு. உரிமையாளரின் நெருங்கிய உறவினர், வாரிசுரிமைச் சட்டப்படி அந்தக் காணியை அடையக்கூடியவர், வெளிநாட்டவராக இருந்தாலும் முதுசமாகவோ நன்கொடையாகவோ மரணசாசனம் மூலமோ அதைப் பெறலாம். "நீ வெளிநாட்டுப் பாஸ்போட், உனக்கு அப்பாவின் காணியில் பங்கு இல்லை" என்று சொல்லி உடன்பிறந்தவரை விலக்கிய குடும்பங்களை நான் அறிவேன். அது தவறு. என் தம்பிக்கும் சித்தப்பாவின் வளவில் பங்கு சட்டப்படி வந்தது. அந்தத் துண்டு மட்டும்தான் இன்று அவன் பெயரில் இருக்கிறது.

உறுதிக் காணியும் பேர்மிட் காணியும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அரச காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நொத்தாரிசு ஒருவர் எழுதித் தந்தார் என்பதால் அது செல்லுபடியாகிவிடாது.

கைவிட்டுப் போன காணி பற்றி ஒரு சொல். பிறர் காணியைத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் வெளியேறியவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது வழி செய்தது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், கடல் கடந்த தமிழருக்கும் அது உதவியிருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஊரில் பலர் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது காலம் முடிந்த பிறகு. ஆயினும் உரிமை எழுந்த நேரத்தில் உரிமையாளர் கடல் கடந்த நாட்டில் இருந்திருந்தால், பழைய கட்டளைச் சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு உண்டு. அதற்கும் காலவரம்பு உண்டு. காணி வழக்கில் பழகிய சட்டத்தரணியிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

தொழில்

பேசாலையில் பிறந்து, தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்த ஒருவர் ஜேர்மன் குடியுரிமையோடு திரும்பி வந்து மீன்பிடிக் கம்பனி தொடங்க முடியுமா? முடியாது. கரையோர மீன்பிடி வெளிநாட்டு முதலீட்டுக்கு மூடப்பட்ட துறை. வட்டிக்குப் பணம் கொடுத்தல், அடகு பிடித்தல் ஆகியவையும் அப்படியே. சில்லறை வணிகத்தில் வெளிநாட்டவர் இறங்குவதானால் குறைந்தது 50 இலட்சம் அமெரிக்க டொலர் மூலதனம் வேண்டும். மன்னார் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை வைக்க நினைக்கும் கனடாக்காரருக்கு அந்தக் கதவும் இல்லை. சிறு மீனவரையும் சிறு கடைக்காரரையும் காக்க வந்த விதிகள் இவை. அந்த நோக்கம் சரியானது. ஆனால் அந்த மீனவரின் மகனே வெளிநாட்டவராகத் திரும்பும்போது அவரையும் அதே விதி தடுக்கிறது.

ஐஸ் தொழிற்சாலை, பதனிடுதல், விடுதி போன்றவற்றில் வெளிநாட்டவர் முதலிடலாம். அப்போது பணத்தை முறையான உள்வரும் முதலீட்டுக் கணக்கின் ஊடாக வங்கி மூலம் கொண்டுவர வேண்டும். உறவினர் கையில் கொடுத்தோ உண்டியல் மூலமோ அனுப்பிய பணத்தை, பின்னர் என் முதலீடு என்று காட்டித் திரும்ப எடுத்துச் செல்வதற்கு வழியில்லை. என் தம்பியிடம் இன்று இருப்பது ஒரு கொப்பியில் எழுதிவைத்த கணக்கு மட்டும்.

விசாக்களின் வகை

முதலீட்டாளருக்கான வதிவிட விசா, தொழில் நடக்கும்வரை, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகையானது. இதைவிடச் சில திட்டங்கள் காலத்துக்குக் காலம் வந்தன. 55 வயது கடந்த வெளிநாட்டவருக்கு 15,000 டொலர் வைப்பின் பேரில் ஒரு திட்டம் இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, 100,000 டொலரை இங்குள்ள வங்கியில் வைப்பவருக்கு 10 ஆண்டு விசா என்ற திட்டத்துக்கும், 75,000 டொலருக்குக் குறையாமல் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு நீண்டகால விசா என்ற திட்டத்துக்கும் அமைச்சரவை அனுமதி அளித்தது. நாட்டில் டொலர் இல்லாதபோது கதவு அகலமாகத் திறக்கும். இருக்கும்போது ஒடுங்கும். தொகையும் காலமும் வர்த்தமானி அறிவித்தலால் மாறுகின்றன. எனவே விண்ணப்பிக்கும் நாளில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நேரில் உறுதிப்படுத்துங்கள்.

முன்னாள் இலங்கையருக்குத் தனியாக ஒரு வழி உண்டு. 2015ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், முன்னாள் குடிமக்களுக்கு நிரந்தர வதிவிட விசாவுக்கு இடமளித்தது. இரட்டைக் குடியுரிமை எடுக்க முடியாத நாடுகளில் வாழ்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் நிரந்தரம் என்ற சொல்லில் ஏமாற வேண்டாம். வாக்குரிமையோ இலங்கைக் கடவுச்சீட்டோ இதோடு வராது. வைத்திருப்பவர் வெளிநாட்டவராகவே இருப்பார்.

பெரிய கம்பனிகளுக்குக் குடியுரிமை தேவைப்படவில்லை

மன்னார் தீவில் காற்றாலை, கனிய மணல் பற்றிய சர்ச்சைகளை வாசகர்கள் அறிவீர்கள். இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட், 442 மில்லியன் டொலர் காற்றாலைத் திட்டத்தை முன்வைத்தது. வழக்குகளும் விலைச் சர்ச்சையும் தொடர்ந்தன. 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் டைட்டேனியம் சாண்ட்ஸ் நிறுவனம் தீவின் மணலில் இல்மனைட் ஆய்வுக்கான அனுமதிகளை வைத்திருக்கிறது. இவற்றுக்கு எதிராக மன்னார் மக்கள் 2025இல் வீதியில் இறங்கினார்கள்.

இந்தத் திட்டங்கள் சரியா பிழையா என்பது வேறு கட்டுரைக்குரியது. இங்கே நான் சுட்ட விரும்புவது ஒன்று. பெரிய கம்பனிக்கு யாருடைய குடியுரிமையும் தேவையில்லை. அது அமைச்சரவை, முதலீட்டுச் சபை, குத்தகை, அனுமதிப்பத்திரம் என்ற வழியால் வருகிறது. விலகிப் போவதும் அதன் கணக்கில் ஒரு வரி. தனி ஒருவராக, வாழ்நாள் சேமிப்போடு வரும் பேசாலைக்காரருக்கு அந்த வழி இல்லை. அவருக்குக் குடியுரிமை ஒன்றுதான் காவல்.

குடியுரிமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. முள்ளிக்குளம் மக்களும் சிலாவத்துறை மக்களும் இந்நாட்டின் குடிமக்கள்தான். படையினர் நிலைகொண்ட தங்கள் காணிக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களால் "இது எங்கள் காணி" என்று உரிமையோடு வாதாட முடிந்தது. விசாவில் நிற்பவருக்கு அந்த இடமும் இல்லை.

நீங்கள் வாழும் நாட்டின் சட்டம்

இரட்டைக் குடியுரிமைக்கு இரண்டு நாடுகளும் இடம் தர வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகியவற்றில் தடை இல்லை. டென்மார்க் 2015 செப்டெம்பரிலும் நோர்வே 2020 ஜனவரியிலும் அனுமதித்தன. ஜேர்மன் குடியுரிமை உள்ள ஒருவர், முன் அனுமதியின்றி விரும்பி வேறு குடியுரிமையைப் பெற்றால் ஜேர்மன் குடியுரிமை போய்விடும் என்ற விதி 2024 ஜூன் 27 அன்று நீங்கியது. அதுவரை என் தம்பி இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால், மனைவி பிள்ளைகள் வாழும் நாட்டை இழக்கும் அபாயம் இருந்தது. நெதர்லாந்து, ஒஸ்திரியா போன்ற நாடுகளில் இன்னும் கட்டுப்பாடு உண்டு. அங்குள்ளவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தரணியிடம் கேட்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளைகள்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளையின் தாயோ தந்தையோ பிறப்பின்போது இலங்கைக் குடிமகனாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமைக்கு உரித்து உண்டு. தாய் வழியாகவும் இது வரும் என்பது 2003ஆம் ஆண்டின் திருத்தம். பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தகுந்த காரணம் இருந்தால் பிந்தியும் பதிய இடமுண்டு. போர் தகுந்த காரணம்தான். பதியாமல் விட்ட பிள்ளை, பிறகு தாய்நாட்டுக்கே விசாவில் வந்து நிற்க நேரும். அப்படி இருபது வயதுப் பிள்ளைகள் எங்கள் அலுவலக வாங்கில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில், உங்கள் குடியுரிமை இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதைத் தெளிவாக்குங்கள். இன்னும் வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை என்றால், எடுப்பதற்கு முன்னரே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே இழந்திருந்தால் இரட்டைக் குடியுரிமைக்கான தகுதிகளைப் பாருங்கள். 55 வயது கடந்திருத்தல், கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்து, அதே அளவு மூன்று ஆண்டு நிலையான வைப்பு, 25,000 டொலர் வெளிநாட்டு நாணய வைப்பு என்பன நடைமுறையில் இருந்து வந்த வகைகள். ஏதாவது ஒன்று போதும். முதுசமாக வந்த காணியே சிலருக்கு இந்தத் தகுதியைத் தரும்.

மூன்றாவது, குடியுரிமை கைக்கு வரும்வரை காணி வாங்க வேண்டாம். அவசரம் என்றால் பதிவு செய்த குத்தகை எடுங்கள். உறவினர் பெயரில் உறுதி எழுத வேண்டாம். எழுதும் அன்று அவர் நல்லவராகத்தான் இருப்பார். அவருக்குப் பின்னால் வருபவர்களோடுதான் வழக்கு. சட்டத்தைச் சுற்றிப் போக எழுதிய உறுதிக்கு, அதே சட்டத்திடம் போய்ப் பாதுகாப்புக் கேட்பது மிகக் கடினம்.

நான்காவது, ஒவ்வொரு ரூபாவையும் வங்கி மூலம் கொண்டுவந்து சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது, கதவு திறந்திருக்கும்போதே விண்ணப்பியுங்கள். 2011இல் மூடியது போல அது மீண்டும் மூடாது என்று யாரும் உறுதி தர முடியாது. பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

என் தம்பி 2024 கடைசியில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டான். சித்தப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தன் பழைய பள்ளிக்கூடப் பதிவு, மண்டபம் முகாமின் மஞ்சளேறிய குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனோம். திரும்பி வரும் ரயிலில், "அண்ணா, பிறந்த ஊருக்கு நான் பிறந்தவன்தான் என்று காட்ட எத்தனை தாள்?" என்று கேட்டான். எனக்கு மறுமொழி வரவில்லை. தாள் கிடைத்தால் மச்சானின் பிள்ளைகளிடமிருந்து அந்தக் காணியை இன்றைய விலைக்கு வாங்கப் போவதாகச் சொல்கிறான். ஒரே காணிக்கு இரண்டாவது முறை காசு. அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். இந்த முறை உறுதி அவன் பெயரில் எழுதப்படும்.